சிதறியதைச் சேர்க்கும் கை

"சூரியன் ராத்திரி எங்கேம்மா போகுது?" என்று குழந்தை கேட்டால் நாம் விழிக்கிறோம். பழைய எகிப்தியரிடம் இதற்கு ஓர் அழகான பதில் இருந்தது. வானம் ஒரு தாய், பெயர் நூத். மாலையில் சூரியனை விழுங்கி, இரவெல்லாம் வயிற்றில் சுமந்து, விடியலில் திரும்பப் பெற்றெடுக்கிறாள்! ஆறாம் ராம்சேஸ் மன்னனின் கல்லறைக் கூரையில் அவளை இன்றும் காணலாம்.

அவள் பிள்ளைகளில் ஓசிரிஸும் ஐசிஸும் தம்பதிகள். பொறாமைக்காரத் தம்பி சேத், ஓசிரிஸைக் கொன்று துண்டுகளாக்கி வீசிவிட்டான். கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க் 14 துண்டுகள் என்கிறார். ஐசிஸ் அழுதாள், ஆனால் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. தேடித் தேடிப் பொறுக்கினாள். கிடைக்காத ஒன்றுக்கும் மாற்றுச் செய்து வைத்தாள்.

இந்தக் கதை ஆன்செல்ம் கீஃபர் என்ற ஜெர்மானிய ஓவியரைப் பிடித்துக்கொண்டது. உலகப் போர் முடிந்த 1945ல் பிறந்து, இடிபாடுகளுக்கு நடுவே வளர்ந்தவர் அவர். 1985லிருந்து 1987 வரை ஒரு பெரும் படம் செய்தார். அகலம் மட்டும் ஐந்தரை மீட்டர்! படிப்படியாய் ஏறும் பிரமிடு. அதன்மேல் உடைந்த பீங்கான் துண்டுகள். உச்சியில் ஒரு சர்க்யூட் போர்டு. அதிலிருந்து செப்புக் கம்பிகள் துண்டுகளுக்கு ஓடுகின்றன. அந்தப் போர்டுதான் ஐசிஸ்! படம் சான்பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

உடைந்த பீங்கானை நாம் முறத்தில் வாரிக் கொட்டிவிடுகிறோம். ஆனால் பேச்சு முறிந்த அண்ணன் தம்பிகளை, தூரம் போன பிள்ளைகளை, ஒரு கம்பியாவது விட்டு இழுத்துக் கட்டிக்கொண்டே இருப்பதும் நாம்தானே? அந்தப் படம் நமக்குப் புரியாமல் போகுமா என்ன!