ஸ்டென்ட் வெற்றியா? ஓராண்டு கழித்துச் சொல்கிறோம்

கேத் லேபின் கதவைத் திறந்துகொண்டு நாங்கள் வெளியே வரும்போது, காத்திருக்கும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: "அடைப்பு சரியாப் போச்சுங்களா டாக்டர்?" ஆம் என்கிறோம். திரையில் கண்டவரையில் அது உண்மைதான். சற்று முன்புவரை நடுவழியில் அறுந்ததுபோல் தெரிந்த இரத்தக் குழாய், ஸ்டென்ட் விரிந்த பின் நுனிவரை நிறைந்து ஓடுகிறது. அந்தப் படத்தைக் காணும்போது எங்களுக்கும் நிம்மதி பிறக்கிறது. ஆயினும் அந்த 'ஆம்' பாதி விடைதான். மீதிப் பாதியை அன்றைக்கு எந்த மருத்துவராலும் சொல்ல இயலாது.

ஸ்டென்ட் சிகிச்சையின் பலனை எந்த நாளில் அளப்பது? இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல விடை கிடைத்திருக்கிறது.

தமிழ்நாடு ஸ்டெமி திட்டம்

இதயத்தின் பெரிய இரத்தக் குழாய் ஒன்று முழுமையாக அடைபட்டு, ஈசிஜியில் அதற்குரிய மாற்றம் தெளிவாகத் தெரியும் கடும் மாரடைப்பை 'ஸ்டெமி' என்கிறோம். இத்தகைய நோயாளிகளுக்காகக் கோவையின் மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் மருத்துவர் அஜித் முல்லாசரி முதலானோர் ஒரு திட்டம் வகுத்தனர். ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள 4 பெரிய மருத்துவமனைகள் மையங்களாகவும், அவ்வசதி இல்லாத 35 மருத்துவமனைகள் அவற்றின் கிளைகளாகவும் இணைக்கப்பட்டன. நோயாளி அருகிலுள்ள கிளைக்குச் செல்வார். அங்கே உடனே ஈசிஜி எடுக்கப்படும். தேவையெனில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடப்படும். பின்னர் ஆம்புலன்ஸில் மையத்துக்கு வந்து ஆஞ்சியோகிராம், வேண்டுமானால் ஸ்டென்ட். ஏழை நோயாளிகளுக்கு அரசின் மருத்துவக் காப்பீடு கைகொடுத்தது.

திட்டம் தொடங்குவதற்கு முன்பு வந்த 898 பேர், தொடங்கிய பின்பு வந்த 1,522 பேர் என 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளின் விவரங்கள் திரட்டப்பட்டன. 2017-இல் ஜாமா கார்டியாலஜி என்னும் மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாயின. ஆஞ்சியோகிராம் செய்துகொண்டோர் 35 விழுக்காட்டிலிருந்து 60.8 விழுக்காடாக உயர்ந்தனர். ஆஞ்சியோபிளாஸ்டி பெற்றோர் 29.5 விழுக்காட்டிலிருந்து 46.5 ஆயினர். ஆனால் மருத்துவமனையில் இருக்கும்போதே இறந்தோரின் விகிதம்? முன்பு 5.8, பின்பு 5.6. சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை.

அத்தோடு கணக்கை முடித்திருந்தால், இவ்வளவு முயற்சியும் வீண் என்றே எவரும் எண்ணியிருப்பர். அவர்கள் ஓராண்டு காத்திருந்தார்கள். ஓராண்டின் முடிவில் இறப்பு விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது. நூறு பேரில் மூன்று பேருக்கு மேல் கூடுதலாக உயிரோடு இருந்தனர்.

இந்த எண்களை வேறொரு விதமாகவும் பார்க்கலாம். திட்டத்துக்கு முந்தைய காலத்தில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 134 பேர். அவர்களில் 52 பேர் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள். மற்ற 82 பேர்? வீடு திரும்பியவர்கள். 'நலமாக வீடு திரும்பினார்' என்று மருத்துவமனைப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கக் கூடியவர்கள். டிஸ்சார்ஜ் நாளன்று குடும்பத்தினர் எங்களுக்கு இனிப்பு கொடுக்கும்போது எனக்கு அந்த 82 என்ற எண் நினைவுக்கு வந்துவிடுகிறது. வாங்கிக்கொள்ளாமல் இருப்பதில்லை, ஆனால் வாங்கிக்கொண்டே மாத்திரைச் சீட்டை மறுபடியும் ஒருமுறை எடுத்து விளக்கத் தொடங்கிவிடுவேன்.

திட்டத்துக்கு முன், பின் என ஒப்பிட்ட ஆய்வு இது. ஆகவே குறைவு முழுவதும் ஸ்டென்டினால் மட்டுமே விளைந்தது என்று சொல்லிவிட முடியாது. அடைப்பை உரிய காலத்தில் கண்டறிந்து சரிசெய்ததற்கு அதில் பெரும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

நம் பகுதியில் காலம் எங்கே போகிறது

கொல்லிமலையிலிருந்து இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆத்தூருக்கு அப்பாலுள்ள சிற்றூர்களிலிருந்தும் மேட்டூரைத் தாண்டிய மலையோர ஊர்களிலிருந்தும் சேலம் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். இருப்பினும், நான் விசாரித்த அளவில், நேரம் பெரிதும் வீணாவது சாலையில் அன்று, வீட்டுத் திண்ணையில். 'வாயுப் பிடிப்பு' என்று ஒரு சோடா. அது கேட்கவில்லையென்றால் சுக்குக் கஷாயம். பிறகு, 'விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்'. இதயத் தசை விடியும்வரை பொறுப்பதில்லை. குழாய் முற்றிலும் அடைபட்ட பின் முதல் சில மணி நேரத்தில் காப்பாற்றப்படும் தசைதான் பின்னாளில் அவர் மாடிப்படி ஏறுவாரா, மூச்சு வாங்குவாரா என்பதைத் தீர்மானிக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியோருக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுத் திணறலும் மட்டும் வரலாம். பெண்களுக்கு வலி தாடையிலோ முதுகிலோ தோன்றலாம். அவர்கள் அதை வெளியே சொல்வதற்குள் வீட்டு வேலை முடிந்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

இந்த மணி நேரங்களைக் குறைப்பதற்காகவே 2023-இல் தமிழ்நாடு அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாடின் ஆகிய மூன்று மருந்துகளும் முதல் அளவாகத் தரப்படுகின்றன. எண்ணிக்கையில் மொத்தம் 14 மாத்திரைகள். நெஞ்சு வலி வந்தவரை மோட்டார் சைக்கிளின் நடுவில் உட்காரவைத்து நேரே நகரத்துக்குக் கொண்டுவருவதைவிட, 108-ஐ அழைப்பதும், பக்கத்து சுகாதார நிலையத்தில் முதல் மருந்தைப் பெற்றுக்கொண்டு புறப்படுவதும் எத்தனையோ மேல்.

ஒரு பல்லும் இரண்டு மாத்திரைகளும்

சில ஆண்டுகளுக்கு முன் நாமக்கல் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவருக்கு மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்தோம். திரையில் படம் அழகாக இருந்தது. இதயத்தின் இயக்கம் எக்கோவில் 50 விழுக்காடு, நல்ல நிலைதான். மூன்றாம் மாதம் அவருக்குப் பல்வலி. பல்லைப் பிடுங்கினால் இரத்தம் நிற்காது என்று யாரோ சொல்ல, இரத்தம் உறையாமல் காக்கும் இரண்டு மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். பல்லைப் பிடுங்கிய பிறகும் அவற்றைத் திரும்பத் தொடங்கவில்லை. லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விட்டார். சில நாட்களில் அதே இடத்தில் மாரடைப்பு. ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து அடைத்திருந்தது. வழியில் ஒரு மருத்துவமனையில் அவரைப் பிழைக்க வைத்தார்கள். எங்களிடம் திரும்பி வந்தபோது எக்கோ 30 விழுக்காட்டைக் காட்டியது. அதன்பின் அவர் கனரக வண்டி ஓட்டவில்லை.

அவர்மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் கொடுத்தனுப்பிய டிஸ்சார்ஜ் தாளில் 'மாத்திரையைத் தொடரவும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. நிறுத்தினால் என்ன ஆகும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. இப்போது நாங்கள் அதைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதுகிறோம்.

ஏன் இந்த இரண்டு மாத்திரைகள்? ஸ்டென்ட் ஓர் உலோக வலை. உடலுக்கு அது அந்நியப் பொருள். இரத்தக் குழாயின் உட்தோல் அதன்மேல் படர்ந்து மூடும்வரை இரத்தத் தட்டணுக்கள் அதில் ஒட்டிக் கட்டியாகும் அபாயம் உண்டு. இன்று நாம் பயன்படுத்தும் ஸ்டென்டுகளின்மீது மருந்து பூசப்பட்டிருக்கிறது. குழாய் மீண்டும் சுருங்காமல் அது தடுக்கிறது. பூச்சு இல்லாத பழைய ஸ்டென்டுகளில் நான்கைந்து பேரில் ஒருவருக்கு அந்த மறுசுருக்கம் வந்துகொண்டிருந்தது. இப்போது அது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் அதே மருந்து உட்தோல் படர்வதையும் தாமதப்படுத்துகிறது. ஆகவேதான் மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக ஓராண்டு காலம் ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெல் அல்லது டிக்காகிரெலார் சேர்த்துத் தருகிறோம். இரத்தக் கசிவு அபாயம் மிகுந்தவர்களுக்குக் காலத்தைக் குறைப்பதுண்டு. அதை உங்கள் இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பல் பிடுங்குவதை இந்த மாத்திரைகளை நிறுத்தாமலேயே பெரும்பாலும் செய்துவிடலாம். வேறு பெரிய அறுவை சிகிச்சை என்றால் முதலில் எங்களைக் கேளுங்கள்.

டிக்காகிரெலார் எடுப்பவர்களில் சிலருக்கு மூச்சு வாங்குவது போன்ற உணர்வு வரும். இதயம் மீண்டும் கெட்டுவிட்டதோ என்று அஞ்சி, எவரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சொன்னால் பரிசோதித்துவிட்டு வேறு மாத்திரைக்கு மாற்றிவிடலாம். விலை கட்டுப்படியாகவில்லை என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள். விலை குறைந்த மாற்று மருந்து இருக்கிறது. அது வெட்கப்பட வேண்டிய செய்தியன்று.

கொழுப்புக்கான ஸ்டாடின் மாத்திரையும் இப்படித்தான் பாதியில் கைவிடப்படுகிறது. 'ரிப்போர்ட்டில் கொலஸ்டிரால் நார்மல் ஆகிவிட்டது, ஏன் சாப்பிட வேண்டும்?' என்று கேட்கிறார்கள். அந்த நார்மலே மாத்திரை தந்தது. ஸ்டென்ட் வைத்தவருக்குக் கெட்ட கொழுப்பாகிய எல்டிஎல் 70-க்குக் கீழே, இயன்றால் 55-க்கும் கீழே இருப்பது நன்று. ஆய்வகத் தாளில் அச்சிடப்பட்டிருக்கும் 'நார்மல்' அளவு உங்களுக்கானது அன்று. ஸ்டென்ட் ஒரு குழாயில் ஓர் அங்குல நீளத்தைத்தான் சரிசெய்கிறது. மற்ற எல்லா இடங்களையும் பார்த்துக்கொள்வது மாத்திரையும், பீடி சிகரெட்டைக் கைவிடுதலும், சர்க்கரைக் கட்டுப்பாடும், நடையும்தான்.

எங்கள் பக்கத்துக் கணக்கு

நோயாளி செய்ய வேண்டியதை மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பது நியாயமாகாது. எங்கள் கையில் இருப்பவற்றைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தொடை வழியாகச் செய்வதைவிட மணிக்கட்டு வழியாகச் செய்தால் இரத்தக் கசிவு குறைவு. முடிந்தவரை அப்படியே செய்கிறோம். ஸ்டென்ட் முழுமையாக விரியாமல் போவது பிற்கால அடைப்புக்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று. சிக்கலான அடைப்புகளில் குழாயின் உள்ளேயே நுண்கருவியைச் செலுத்திப் படம் எடுக்கும் ஐவஸ், ஓசிடி முறைகள் அதைக் காட்டிக்கொடுக்கும். விலையைப் பொறுத்தவரை, 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டுக்கு ரூ. 29,600 என உச்சவரம்பு விதித்தது முதல் நிலைமை பெரிதும் மாறிவிட்டது.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: 'எனக்கு ஸ்டென்ட் அவசியந்தானா?' மாரடைப்பின்போது அது உயிர்காக்கும். நடந்தால் மட்டும் வலி வந்து நின்றால் போய்விடும் நிலையான நெஞ்சு வலியில் கதை வேறு. 5,179 நோயாளிகளைக் கொண்டு இந்தியா உட்படப் பல நாடுகளில் நடந்து 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸைச் சேர்ப்பதால் அத்தகையோரின் இறப்பு குறையவில்லை. நெஞ்சு வலி குறைந்தது. வலி குறைவதும் பெரும் பலன்தான். ஆனால் எந்தப் பலனுக்காகச் செய்துகொள்கிறோம் என்று தெரிந்து செய்துகொள்ள வேண்டும். இடது பிரதான குழாயில் அடைப்பு இருப்பவர்களுக்கும், இதய இயக்கம் மிகவும் குறைந்தவர்களுக்கும் இந்த ஆய்வு பொருந்தாது.

இறுதியாக, எங்களுக்கு உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. ஸ்டெமி ஆய்விலேயே ஓராண்டின் முடிவில் எல்லா நோயாளிகளின் நிலையும் தெரியவரவில்லை. 1,522 பேரில் ஏறக்குறைய 1,260 பேரைப் பற்றித்தான் தகவல் கிடைத்தது. மற்றவர்கள் நலமாக இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். நம் பகுதியில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. ஓட்டுநர்களும் போர்வெல் வண்டித் தொழிலாளர்களும் மாதக்கணக்கில் வெளிமாநிலங்களில் இருக்கிறார்கள். சிம் கார்டு மாறிவிடுகிறது. ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போது உங்கள் எண்ணோடு, வீட்டிலேயே இருக்கும் ஒருவரின் எண்ணையும் செவிலியரிடம் கொடுங்கள். ஒரு மாதம், ஆறு மாதம், ஓராண்டு கழித்து எங்கள் பிரிவிலிருந்து அழைப்பு வரும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எதையேனும் நிறுத்தினீர்களா, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, இடையில் வேறு மருத்துவமனையில் சேர்ந்தீர்களா என்று கேட்போம். பேச ஐந்து நிமிடம் ஆகும். மாத்திரை அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் இன்னும் எளிது.