குவாரி பணத்தில் பழங்குடிகளுக்கு பங்கு உண்டா? மாவட்ட கனிம அறக்கட்டளை நிதி: எளிய விளக்கம்

பூந்தமல்லி, ஆவடி பக்கம் வீடு இருந்தால் இந்தக் காட்சி பழகியிருக்கும். தார்பாய் போட்ட டிப்பர் லாரிகள் சவுடு, கிராவல், ஜல்லி ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகும். அந்த மண்ணில்தான் அடுக்குமாடியும் மேம்பாலமும் எழும்புது. ஆனால் மண் எடுத்த ஊருக்கு, குறிப்பாக ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடியிருக்கும் இருளர் போன்ற பழங்குடி குடும்பங்களுக்கு என்ன கிடைக்குது? அதற்கென ஒரு நிதி இருக்கு. பலருக்கு அதன் பெயரே தெரியாது.

அது என்ன நிதி?

பெயர், மாவட்ட கனிம அறக்கட்டளை. 2015ல் சுரங்கம் மற்றும் கனிமங்கள் சட்டத்தில் 9பி என்ற பிரிவைச் சேர்த்து மத்திய அரசு இதைக் கொண்டுவந்தது. சுரங்கத்தால் பாதிக்கப்படும் ஒவ்வொரு மாவட்டத்திலும் லாப நோக்கமில்லாத அறக்கட்டளை வேண்டும் என்பது விதி. தமிழ்நாடு அரசு இதற்கான தனி விதிகளை 2017ல் வெளியிட்டது. அறக்கட்டளைக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர்.

பணம் எங்கிருந்து வருது?

இது மக்கள் கட்டும் வரியில் இருந்து ஒதுக்கும் பணம் இல்லை. சுரங்கம் நடத்துபவர் அரசுக்குக் கட்டும் ராயல்டியோடு கூடுதலாகக் கட்ட வேண்டிய தொகை. பெருங்கனிமம் என்றால், 2015 ஜனவரி 12க்கு முன் குத்தகை பெற்றவர் 100 ரூபாய் ராயல்டிக்கு மேல் 30 ரூபாய் தர வேண்டும். அதன் பிறகு ஏலத்தில் எடுத்தவர் 10 ரூபாய்.

கல், கிராவல், மண் எல்லாம் சிறு கனிமங்கள். இவற்றுக்கு எவ்வளவு வசூலிப்பது என்பதை மாநில அரசே முடிவு செய்யலாம்.

எதற்குச் செலவு செய்யலாம்?

பிரதமரின் கனிமப் பகுதி நலத் திட்டம் என்ற வழிகாட்டுதல்படிதான் செலவு நடக்கணும். 2024ல் திருத்திய விதிகளின்படி:

• குறைந்தது 70 சதவீதம் குடிநீர், மருத்துவம், கல்வி, சுகாதாரம், திறன் பயிற்சி, பெண்கள் மற்றும் குழந்தைகள் நலன் போன்றவற்றுக்கு. முன்பு இது 60 சதவீதமாக இருந்தது.
• மீதிதான் சாலை, பாலம், பாசனம் போன்ற கட்டமைப்பு வேலைகளுக்கு.
• சுரங்கத்தில் இருந்து 15 கிலோமீட்டர் சுற்றளவு நேரடி பாதிப்புப் பகுதி. 25 கிலோமீட்டர் வரை மறைமுக பாதிப்புப் பகுதி.

பட்டா இல்லாதவர்களும் வருவார்களா?

இதுதான் முக்கியமான கேள்வி. நிலத்துக்குச் சட்டப்படி உரிமை உள்ளவர்கள் மட்டுமல்ல, அந்த நிலத்தின் பலனை வழிவழியாக அனுபவித்து வந்தவர்களும் ‘பாதிக்கப்பட்டவர்கள்’ என்கிறது வழிகாட்டுதல். ஏரியிலும் தோப்பிலும் பிழைப்பு நடத்தி, பட்டா மட்டும் இல்லாத இருளர் குடும்பம் உரிமை கேட்க இடம் தருவது இந்த வரிதான்.

ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் யார் என்ற பட்டியல், முடிந்தவரை உள்ளூர் பிரதிநிதிகளையும் கிராம சபையையும் கலந்து தயாரிக்க வேண்டியது. செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போன குடும்பம் அந்த நாளில் ஊரில் இல்லை என்றால், அவர்களுக்காகப் பேச யார் இருப்பார்கள்?

சிக்கல் எங்கே?

சட்டத்தின் 9பி பிரிவு, அட்டவணைப் பகுதிகளுக்கான பழங்குடி உரிமைச் சட்டங்களைப் பின்பற்றச் சொல்லுது. அங்கே கிராம சபை ஒப்புதல் இல்லாமல் செலவு செய்ய முடியாது. ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கரில் அப்படிப்பட்ட பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டில் அட்டவணைப் பகுதியே கிடையாது. அதனால் இங்குள்ள பழங்குடிகளுக்கு அந்தப் பிடி இல்லை. இத்தனைக்கும் இருளர்கள், தமிழ்நாட்டில் மிகவும் நலிவடைந்த நிலையில் உள்ள ஆறு பழங்குடிகளில் ஒருவர்.

நகரமாக மாறுவதும் ஒரு தடைதான். ஆவடி 2019ல் மாநகராட்சி ஆனது. மாநகராட்சியில் கிராம சபை இல்லை. அங்கே வாழும் நரிக்குறவர்களை பழங்குடி பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பட்டியலில் இடம் கிடைத்தாலும், கை தூக்கிப் பேச கிராம சபை அவர்களுக்கு இல்லை.

வெளிநாட்டில் எப்படி?

கனடாவில் பூர்வகுடிகள் இயற்கை வளத் திட்டங்களில் பங்குதாரர் ஆவதற்கு அரசே கடன் உத்தரவாதம் தருது. 2024 பட்ஜெட்டில் இதற்கு 500 கோடி கனடிய டாலர் அறிவிச்சாங்க. அங்கே திட்டத்திலேயே பங்கு. இங்கே பாதிப்புக்குப் பிறகு நலத்திட்டம். வித்தியாசம் அதுதான்.

மக்கள் என்ன செய்யலாம்?

• ஊராட்சிப் பகுதி என்றால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் கனிம நிதி பற்றி தீர்மானம் கேட்கலாம்.
• திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு தரலாம். ஆவடி, பூந்தமல்லிக்கு திருவள்ளூர் ஆட்சியர். அம்பத்தூர் 2018ல் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டது.
• எவ்வளவு வசூல், எந்த ஊரில் என்ன வேலை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வரணும்.

மனுவில் ‘உதவி வேண்டும்’ என்று பொதுவாக எழுதுவதை விட, குவாரி எத்தனை கிலோமீட்டரில் இருக்கு, குடியிருப்பில் எத்தனை குடும்பங்கள், தேவைப்படுவது குடிநீரா கழிப்பறையா என்று குறிப்பாக எழுதுவது நல்லது. இது சலுகை கேட்கும் மனு இல்லை. அவர்கள் பெயரில் வசூலான பணத்துக்குக் கணக்கு கேட்கும் மனு.