காற்றைப் பிளக்கும் பலகை

காரின் முன்பம்பருக்கு அடியில், தரைக்கு இணையாக, முன்நோக்கிச் சிறிது நீண்டு நிற்கும் தட்டையான பலகையை ஸ்ப்ளிட்டர் என்பர். எதிரே வரும் காற்றை மேலும் கீழுமாகப் பிளப்பதால் அதற்கு அப்பெயர் அமைந்தது. தமிழில் அதனைக் காற்றுப்பிளப்பான் எனலாம். முன்தகடு என்றாலும் இழுக்கில்லை. சொல்லாக்கம் நம் துறைக்குரிய கவலை. அதனை இவ்வளவில் நிறுத்திப் பலகையின் வேலைக்கு வருவோம்.

பந்தயத் தடத்தில் வளர்ந்த இப்பொருளை இன்று இளைஞர் பலர் பிளாஸ்டிக் தகடு வாங்கித் தம் வீட்டு முற்றத்திலேயே வெட்டிப் பூட்டுகின்றனர். செய்வது அரிதன்று. ஆயினும் அதன் இயல்பை அறியாது செய்தால், அது வெறும் ஒப்பனையாக நிற்பதோடு அமையாமல், ஓடும் காரின் சக்கரத்தடியில் சிக்கும் பொருளாகவும் முடியக்கூடும்.

கார் விரைந்து செல்லுங்கால் அதன் முகத்தில் மோதும் காற்று அங்கே தேங்குகிறது. தேங்கிய இடத்தில் அழுத்தம் மிகுகிறது. காருக்கும் தரைக்கும் இடைப்பட்ட குறுகிய வழியில் நுழையும் காற்றோ விரைவு கொள்கிறது. விரைந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. வேகத்திற்கும் அழுத்தத்திற்கும் உள்ள இவ்வுறவை டேனியல் பெர்னூலி 1738-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் விளக்கினார். இவ்விரு பகுதிகளுக்கும் நடுவே ஒரு பலகையை நீட்டினால், மேலுள்ள மிகை அழுத்தம் அதனைக் கீழே தள்ளும். கீழுள்ள குறை அழுத்தம் அதனைக் கீழே இழுக்கும். இவ்விசை முன்சக்கரங்களைத் தரையோடு அழுத்துவதால் வளைவுகளில் அவற்றின் பிடிப்புக் கூடுகிறது.

எவ்வளவு கூடுகிறது என்பதே கேள்வி. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அது ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 17 கிலோ எடை; 100 கி.மீ. வேகத்தில் 47 கிலோ, 200 கி.மீ. வேகத்தில் 189 கிலோ. ஒன்றரை மீட்டர் அகலமும் 5 செ.மீ. நீட்சியும் உடைய பலகையின் மேற்பரப்போ ஒரு சதுர மீட்டரில் 13-இல் ஒரு பங்கே. ஆகவே முழு அழுத்தமும் அதன்மேல் விழுவதாக மிகைபடக் கொண்டாலும், 60 கி.மீ. வேகத்தில் கிடைப்பது ஒன்றேகால் கிலோ; 100-இல் மூன்றரைக் கிலோ; 200-இல் 14 கிலோ. அடிப்புற இழுவிசை இக்கணக்கில் சேரவில்லை. பலகை தரைக்கு மிக அண்மையில் நின்று, காரின் அடியில் நெடுந்தொலைவு பின்னோக்கியும் படர்ந்திருந்தால் அது பெரிதாகும். வேகத்தடைகளைத் தாண்டுவதற்கென உயர்த்திக் கட்டப்பட்ட நம் சாலைக் கார்களில் அதற்கு இடம் குறைவு. ஊர்ச்சாலையில் இப்பலகையால் கார் நன்கு பிடித்து ஓடுகிறது என்று கூறுவோர் தம் விருப்பத்தையே கூறுகின்றனர் என்பது நம் கருத்து.

மிகு வேகத்தில் நிலைமை வேறு. 1999-ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் பந்தயத்திற்கு வந்த மெர்சிடிஸ் கார்களின் முன்புறம் காற்றால் தூக்கப்பட்டது. மார்க் வெபர் ஓட்டிய கார் பந்தயத்திற்கு முந்தைய ஓட்டங்களில் இருமுறை வானில் எழுந்து கவிழ்ந்தது. எஞ்சிய கார்களின் முகப்பில் சிறு தகடுகளைப் பொருத்திக் களமிறக்கினர். அப்படியும் பந்தயத்தின்போது பீட்டர் டம்பிரெக்கின் கார் பறந்து, தடுப்பைத் தாண்டி மரங்களுக்கிடையே விழுந்தது. ஓட்டியவர் உயிர் பிழைத்தார். முன்புறம் இலேசாவது எத்துணைக் கொடிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஆனால் முன்புறத்தை மட்டும் அழுத்தினால் போதுமா? 1998-இல் வெளிவந்த ஆடி டிடி காரின் முதல் வடிவில் பின்புறம் மழமழவென வழிந்து முடிந்தது. ஜெர்மானிய நெடுஞ்சாலைகளில் மிகு வேகத்தில் தடம் மாறுகையிலும் வளைவுகளிலும் பின்புறம் நிலைகுலைந்து உயிர்ச்சேதங்கள் நேர்ந்தன. பின்னர் அந்நிறுவனம் அக்கார்களைத் திரும்ப அழைத்துப் பின்கதவின்மேல் சிறு ஸ்பாய்லர் ஒன்றையும் பிற திருத்தங்களையும் சேர்த்தது. முன்பிடிப்பும் பின்பிடிப்பும் துலாக்கோலின் இரு தட்டுகள் போன்றவை. பந்தயத் தடத்தில் ஓட்டுவோர் முன்னால் பெரிய பலகையைப் பூட்டிப் பின்னால் ஒன்றும் செய்யாது விட்டால், வளைவில் காரின் வால் முந்திச் சுழலும். சாலையில் ஓட்டுவோருக்கோ பலகை சிறிதாக இருப்பதே காப்பு.

இனிப் பொருளைத் தேர்தல். பந்தயக்காரர் ஒட்டுப்பலகையையும் அலுமினியக் கலப்புத் தகட்டையும் பெரிதும் கையாள்கின்றனர். பிளாஸ்டிக்கிற்கு அவற்றில் இல்லாத சிறப்பு ஒன்று உண்டு: மேட்டில் இடித்தால் வளைந்து மீளும். ஆனால் எல்லாப் பிளாஸ்டிக்கும் அவ்வாறன்று. பார்வைக்குப் பளபளக்கும் அக்ரிலிக் தகடு கண்ணாடிபோல் நொறுங்கிக் கூரிய சில்லுகளாகச் சிதறும். அதனை அறவே விலக்குக. பாலிகார்பனேட் வலியது, எனினும் பெட்ரோலும் சிலவகைப் பசைகளும் பட்டால் நுண்விரிசல் காணும். சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளைப் பலகை பெரும்பாலும் உயரடர்த்திப் பாலிஎத்திலீன். உராய்வைத் தாங்குவதில் அதற்கு இணை அரிது. ஆனால் பசையும் வண்ணமும் அதில் ஒட்டா. நெகிழ்வு மிகுதி என்பதால் 8 அல்லது 10 மி.மீ. தடிப்பு வேண்டும். ஏபிஎஸ் தகடு நடுத்தரமானது. எளிதில் வெட்டலாம், வண்ணம் ஏற்கும், 5 மி.மீ. தடிப்பே போதும். வெயிலில் நாளடைவில் நொய்ந்துபோவது அதன் குறை. மேலே பூசும் வண்ணம் அதனை ஓரளவு தடுக்கும்.

வெட்டுவதற்குமுன் அட்டையில் அச்சு எடுத்தல் இன்றியமையாதது. காரைச் சமதளத்தில் நிறுத்தி, அகன்ற அட்டையொன்றைப் பம்பருக்கு அடியில் விரிக்க வேண்டும். பம்பரின் கீழ்விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, ஒரு சாணுக்கு ஒரு புள்ளியாக அட்டையில் குறித்து இணைத்தால் விளிம்பின் வளைவு கிடைத்துவிடும். அதற்கு வெளியே 5 செ.மீ. தள்ளி மற்றொரு கோடு வரைக. அக்கோடு பம்பரின் மிக முன்னே துருத்திய பகுதியைத் தாண்டலாகாது. தாண்டினால் குறுக்கே வரும் ஒருவரது முழங்காலுக்குக் கீழே முதலில் படுவது இவ்விளிம்பாகவே இருக்கும். உட்புறமாகப் பலகை 20 முதல் 30 செ.மீ. வரை காரின் அடியில் செல்ல வேண்டும். இழுவைக் கொக்கியையும், ரேடியேட்டருக்குக் காற்றுச் செல்லும் வாயையும் அது மறைக்கலாகாது.

தகட்டை ஜிக்சா ரம்பத்தால் மெதுவாக அறுக்க வேண்டும். விரைந்து அறுத்தால் சூட்டில் பிளாஸ்டிக் உருகி, அறுத்த இடமே மீண்டும் ஒட்டிக்கொள்ளும். உள்மூலைகளில் முதலில் வட்டத்துளை இட்டுப் பின்னர் அதுவரை அறுத்தல் நலம். கூர்மூலையிலிருந்தே விரிசல் புறப்படுவது வழக்கம். முன்விளிம்பை அரத்தாலும் உப்புத்தாளாலும் உருட்டி மழுக்குக.

பலர் பிழைபடுவது பூட்டுவதில்தான். பம்பர் என நாம் வெளியே காண்பது கிளிப்புகளில் தொங்கும் மெல்லிய பிளாஸ்டிக் தோல். பலகையை அதில் மட்டும் இருபக்கப் பசைநாடாவால் ஒட்டியோ திருகாணியால் முடுக்கியோ விட்டால், ஒருநாள் பலகை பம்பரையும் இழுத்துக்கொண்டு விழும். முன்விளிம்பு இறங்கிய பலகை தரையைக் கொத்தி மடங்கிச் சக்கரத்தை நோக்கியே செல்லும். ஆகையால் போல்ட்டுகள் இரு வரிசையாக அமைதல் வேண்டும்: முன்வரிசை பம்பரின் கீழ்விளிம்பிலும், சுமையைத் தாங்கும் பின்வரிசை அடியிலுள்ள உலோகக் குறுக்குச் சட்டத்திலும் பூட்டப்படுதல் வேண்டும். காற்றுப்பைக்குரிய உணரிகள் அப்பகுதியில் இருக்கக்கூடுமாதலால் அவ்விடம் அறிந்தே துளையிட வேண்டும்.

மற்றொன்று, வெப்பம். ஒன்றரை மீட்டர் ஏபிஎஸ் தகடு 30 பாகை செல்சியஸ் வெப்ப ஏற்றத்தில் ஏறத்தாழ 4 மி.மீ. நீளும், பாலிஎத்திலீன் அதனினும் மிகுதியாக நீளும். விடியற்காலைக் குளிருக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையே கருநிறத் தகட்டில் அவ்வளவு வேறுபாடு எளிதில் உண்டாகும். எல்லாத் துளைகளையும் போல்ட்டின் பருமனுக்கே இட்டு இறுக்கினால், நீள வழியில்லாத தகடு அலைபோல் நெளியும். அல்லது துளையோரம் கிழியும். நடுவிலுள்ள துளையை மட்டும் வட்டமாக வைத்து, ஏனையவற்றைப் பக்கவாட்டில் நீள்துளைகளாக்கி, அகன்ற வாஷர் இட்டு, நைலான் வளையம் பதித்த நட்டுகளால் அளவாக முடுக்கினால் தகடு நீண்டு சுருங்க இடம் கிடைக்கும். உடைந்தாலும் சிதறாதிருக்கச் சக்கரத்தை எட்டாத அளவு குறுகிய எஃகுக் கம்பியால் இரு முனைகளையும் சட்டத்தோடு பிணைப்பதுண்டு. பம்பருக்கும் பலகைக்கும் இடையிலுள்ள சந்தை இரப்பர்ப் பட்டையால் அடைக்காவிட்டால், மேலே தேங்க வேண்டிய காற்று அவ்வழியே கசிந்துவிடும்.

சட்டத்தையும் எண்ண வேண்டும். பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. சாலைக் காரில் பூட்டுவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிதல் நன்று.

பூட்டிய பின் முதல் 50 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மீண்டும் தொட்டுப் பார்க்க வேண்டும். வேகத்தடை 10 செ.மீ. உயரமே இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேரவையின் வரையறை. தெருவில் உள்ளவை அவ்வரையறையைப் படித்தவை அல்ல. பலகையின் அடிப்புறத்தில் வெள்ளை வண்ணம் பூசிவிட்டால் ஒரு கிழமைக்குள் கீறல்கள் தம் கணக்கைச் சொல்லும். நடுவில் மட்டும் கீறல் விழுந்தால் வேகத்தடை. ஒரு முனையில் விழுந்தால் வீட்டு வாயிற்சரிவில் கார் சாய்ந்து ஏறுகிறது. பின்வரிசைப் போல்ட்டுகளின் தலை தேய்ந்திருந்தால் பலகையைக் கழற்றிச் சற்று உயர்த்திப் பூட்ட வேண்டும்.