நடுவுல நிக்காத நடுவர்

பேஸ்பால்னா என்னன்னே தெரியாதவங்களும் இதைத் தாராளமா படிக்கலாம். பந்து, மட்டை எதுவும் இந்தக் கதைக்குள் வரப்போவதில்லை. ஒரு அறை, மூன்று நடுவர்கள், இரண்டு எண்கள். அவ்ளோதான்.

2023 பிப்ரவரியில் அப்படி ஒரு அறையில் உட்கார்ந்திருந்தவர் கார்பின் பர்ன்ஸ். மில்வாக்கி புரூவர்ஸ் அணியின் முக்கியமான பிட்சர், அதாவது பந்து வீசுபவர். 2021-ல் நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியவர். 2022-ல் அந்த லீகிலேயே அதிக ஸ்ட்ரைக்அவுட் எடுத்தவரும் அவர்தான். அடுத்த சீசனுக்கு அவர் கேட்ட சம்பளம் 1 கோடியே 7 லட்சத்து 50 ஆயிரம் டாலர். அணி தரத் தயாராக இருந்தது 1 கோடியே 10 ஆயிரம் டாலர். வித்தியாசம் 7 லட்சத்து 40 ஆயிரம். நமக்கு அது மலை. அந்த அணிக்கோ, ஒரு புது ஆளுக்கு அப்போது தந்த குறைந்தபட்ச வருடச் சம்பளத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இந்த வித்தியாசத்துக்காக, சொந்த அணியின் தரப்பே அவர் முன்னாடி உட்கார்ந்து, "இவர் அவ்வளவுக்கு வொர்த் இல்லை" என்று வாதாடியது. கடைசியில் அணிதான் ஜெயித்தது.

இதற்குப் பேர் சம்பள ஆர்பிட்ரேஷன். ஏன் இப்படி ஒரு ஏற்பாடு தேவைப்பட்டது?

நமக்குப் பழக்கமான ஐபிஎல் ஏலத்தில் ஒரு ஆளுக்கு நாலு அணிகள் போட்டி போட்டால் விலை தானாக ஏறும். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு வீரர் உள்ளே வந்த முதல் ஆறு வருட சர்வீஸ் முடியும்வரை வேறு அணி அவரைக் கேட்கவே முடியாது. முதல் மூன்று வருடம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் கிடைக்கும். ஆறு முடிந்தால் சுதந்திரம். யாரோடு வேண்டுமானாலும் பேரம் பேசலாம். இடையில் இருக்கிற அந்த மூன்று வருடம்தான் சிக்கல். வெளியே போகவும் முடியாது, வெளியே என்ன விலை என்று காட்டவும் வழியில்லை. அந்த இடைவெளிக்குத்தான் ஆர்பிட்ரேஷன். (மூன்று வருடம் முடியாத சிலருக்கும் இது உண்டு. அது தனிக் கணக்கு, விட்டுடுவோம்.)

முன்பெல்லாம் நிலைமை இன்னும் மோசம். ஆறு வருடம் என்ற கணக்கே கிடையாது; அணி விடுகிற வரைக்கும் வீரர் அந்த அணிக்குத்தான் சொந்தம். மார்வின் மில்லர் தலைமையில் வீரர்கள் சங்கம் பேரம் பேசி 1973-ல் இந்த ஆர்பிட்ரேஷனை வாங்கியது. மின்னசோட்டா ட்வின்ஸ் அணியின் டிக் வுட்சன் என்ற பிட்சர்தான் 1974-ல் முதல் ஆளாகப் போனார். அவர் கேட்டது 29 ஆயிரம் டாலர், அணி சொன்னது 23 ஆயிரம். வுட்சன் ஜெயித்தார். அதே சீசனில் அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

இப்போ விஷயத்தின் சுவாரசியமான பகுதி. நடுவர்கள் நடுவில் ஒரு எண்ணைச் சொல்லவே கூடாது. ரெண்டில் ஒன்றை அப்படியே எடுக்கணும்.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருவரின் நியாயமான மதிப்பு 50 என்று வைத்துக்கொள்வோம். நடுவர் பாதியாகப் பிரித்துக் கொடுப்பவர் என்றால், அணி 30 என்று சொல்லும், வீரர் 100 கேட்பார், தீர்ப்பு 65. அதிகமாக அடிச்சு விட்டவருக்கு லாபம். அடுத்த தடவை அணியும் உஷாராகி 10-ல் ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் விலகிக்கொண்டே போகும்.

இரண்டில் ஒன்றுதான் என்று விதி வந்ததும் கணக்கு தலைகீழ். 30-ம் 100-ம் வந்தால், 50-க்குப் பக்கத்தில் இருப்பது 30. வீரர் காலி. அதனால் அவர் 60-க்கு இறங்குவார். இப்போது 60 தான் பக்கம், அணி காலி. அணி 42-க்கு ஏறினால் மறுபடியும் அணி பக்கம் சாயும். இப்படியே இரண்டு எண்ணும் நெருங்கி வரும். நடுவர் மனசில் இருப்பது 50-ஆ 55-ஆ என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்பதால் பயம் இன்னும் கூடும். கடைசியில், "இதுக்குப் போய் எதுக்கு விசாரணை, பேசியே முடிச்சுக்கலாம்" என்ற நிலைமை வரும். தொழில் தகராறுகளுக்கு இந்த மாதிரி ஒரு முறையைக் கார்ல் ஸ்டீவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1966-லேயே எழுதியிருக்கிறார்.

ஆக, இது பயன்படுத்தாமல் இருப்பதற்காகவே கட்டப்பட்ட இயந்திரம். அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. தகுதியுள்ள வீரர்களில் பெரும்பாலானோர் விசாரணைக்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

மீதிப் பேர் கதைதான் கஷ்டம். விசாரணையில் ஒவ்வொரு தரப்புக்கும் வாதாட ஒரு மணி நேரம், பதில் சொல்ல அரை மணி நேரம். போன சீசன் ஆட்டம், மொத்த கரியர், அதே அளவு சர்வீஸ் உள்ள மற்ற வீரர்களின் சம்பளம், உடல்நிலை எல்லாவற்றையும் பேசலாம். அணியின் வரவு செலவைப் பேசக் கூடாது. அணி கோடிகளில் புரண்டாலும் வீரர் அதைச் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் வீரரின் தோள்பட்டை வலியை அணி தாராளமாகச் சுட்டிக்காட்டலாம். என்னைக் கேட்டால் இந்த விதியில் சமநிலை தப்புவது இங்கேதான்.

பர்ன்ஸ் வெளியே வந்து நிருபர்களிடம் சொன்னது, அணியுடனான உறவு நிச்சயம் காயப்பட்டுவிட்டது என்று. 2022-ல் அணி பிளேஆஃப் போகாததற்கே தன்னைத்தான் முக்கியக் காரணமாகக் காட்டினார்கள் என்பது அவர் வருத்தம். ஒரு வருடம் கழித்து அவரை பால்டிமோருக்கு மாற்றினார்கள். 2017-ல் நியூயார்க் யாங்கீஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 50 லட்சம் கேட்ட டெலின் பெட்டான்சஸ் 30 லட்சத்தில் தோற்ற பிறகும் விடாமல், அணித் தலைவர் ராண்டி லெவைன் பத்திரிகையாளர்களிடம் அவரைக் கிண்டலடித்தார். ஜெயிச்ச பிறகு எதுக்குங்க அது?

எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும் என்றும் சொல்ல முடியாது. விளாடிமிர் குரேரோ ஜூனியர் 2024-ல் டொராண்டோ அணியை இதே அறையில் ஜெயித்து 1 கோடியே 99 லட்சம் டாலர் வாங்கினார். அடுத்த வருடமே அதே அணியோடு 14 வருடத்துக்கு 50 கோடி டாலர் ஒப்பந்தம்.

2021 பேச்சுவார்த்தையில் அணி உரிமையாளர்கள் ஒரு மாற்று யோசனை கொண்டுவந்தார்கள். நடுவரே வேண்டாம், வீரரின் பங்களிப்பை ஒரே எண்ணாகச் சுருக்கும் 'வார்' என்ற புள்ளிவிவரத்தை ஒரு ஃபார்முலாவில் போட்டால் சம்பளம் வந்துவிடும். வக்கீல் இல்லை, வாக்குவாதம் இல்லை, யார் மனசும் நோகாது. நம்மில் பாதிப் பேர் "சூப்பர் ஐடியா" என்று கோடு எழுத ஆரம்பித்திருப்போம். வீரர்கள் சங்கம் முடியாது என்று சொல்லிவிட்டது.