படகில் கால் வைக்கும் முன்...

கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் போகிறீர்களா? ஏரியில் படகு ஓட்டாமல் பிள்ளைகள் ஊர் திரும்ப விடமாட்டார்கள். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரையின் முயற்சியால் 1863-ல் உருவான நட்சத்திர வடிவ ஏரி அது. மிதி படகு, துடுப்புப் படகு இரண்டும் கிடைக்கும்.

"நல்ல உடற்பயிற்சிதானே டாக்டர்?" என்று கேட்பார்கள். நல்லதுதான். மிதிப்பது தொடைக்கும், துடுப்புப் போடுவது தோளுக்கும் முதுகுக்கும் வேலை தரும். மூட்டுவலி உள்ளவர்கள் மிதிக்காமல் உட்கார்ந்து வரட்டும். மலைப்பாதை வளைவுகளில் வந்த குமட்டல் தீராவிட்டால் ஒரு துண்டு இஞ்சி மென்று, அது அடங்கிய பிறகு ஏறுங்கள்.

ஆனால், இஞ்சியும் சுக்கும் கைகொடுக்காத ஆபத்து ஒன்று உண்டு.

சில வருடங்களுக்கு முன், வேறொரு மலை ஏரி. என் மகன், "அந்த ஜாக்கெட் நாத்தமடிக்குதுப்பா, வேணாம்" என்றான். 'பத்து நிமிஷம்தானே' என்று நானும் விட்டுவிட்டேன். இறங்கும்போது ஓரத்தில் கால் வைத்தான், படகு நழுவியது, படிக்கட்டுக்கும் படகுக்கும் நடுவே விழுந்தான். நீச்சல் தெரிந்த பையன்தான். ஆனாலும் திணறிவிட்டான். படகுக்காரர் சட்டையைப் பிடித்துத் தூக்கியதால் பிழைத்தான்.

ஏன் திணறினான்? திடீரென்று குளிர்ந்த நீர் பட்டால் உடம்பு தன்னையறியாமல் ஆழமாக மூச்சை இழுக்கும். அப்போது முகம் நீருக்குள் இருந்தால் நீர் உள்ளே போய்விடும். அந்த நேரத்தில் முகத்தை நீருக்கு மேலே வைத்திருப்பது ஜாக்கெட்தான்.

ஆகவே ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டி, கொக்கிகளைப் பூட்டுங்கள். குழந்தைக்குக் குழந்தை அளவுதான். தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். முகவாய்க்கு மேல் ஏறினால் வேறு கேளுங்கள். ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து, படகின் நடுவில் கால் வைத்து, உடனே உட்காருங்கள். போட்டோவுக்காக எழுந்து நிற்க வேண்டாம்.

யாராவது விழுந்துவிட்டால், நீங்களும் குதிக்காதீர்கள். கயிறு, துடுப்பு, புடவை எதையாவது நீட்டுங்கள். மேலே எடுத்தவருக்கு மூச்சு இல்லையென்றால், தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் கூடவே கூடாது. வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, நெஞ்சின் நடுவே விடாமல் அழுத்துங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். பிழைத்தவர் இருமிக்கொண்டிருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: இதற்குச் சூரணம் கிடையாது. ஜாக்கெட்தான் மருந்து, அதைக் கரையிலேயே கொடுத்துவிடுங்கள்.