மீன்களின் ஒண்டுக்குடித்தனம்

ஒரே கூரையின் கீழ் ஆறு குடும்பங்கள். நடுவில் ஒரு முற்றம். கொல்லையில் ஒரு கிணறு. ஒண்டுக்குடித்தனத்தின் சுகதுக்கங்களை நம் பாட்டிமார்கள் கதை கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அத்தகைய வீட்டுக்குப் புதிதாக ஒருவர் குடிவர விரும்பினால் வீட்டுக்காரர் எவ்வளவு விசாரணை செய்வார்! என்ன உத்தியோகம், எத்தனை குழந்தைகள், சண்டைக்காரரா, சாதுவா, இராத்திரி பத்து மணிக்குமேல் ஆர்மோனியம் வாசிக்கும் வழக்கம் உண்டா என்பதையெல்லாம் தீர விசாரித்த பிறகுதான் சாவி கை மாறும்.

வீட்டுக் கூடத்தில் வைக்கும் மீன் தொட்டியும் ஓர் ஒண்டுக்குடித்தனமே. ஆனால் அதற்குக் குடித்தனக்காரர்களைத் தேடிப் போகும்போது நாம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. "சிவப்பில் ஒரு ஜோடி, மஞ்சளில் ஒரு ஜோடி, அதோ அந்தக் கறுப்புக் கோடு போட்டதில் ஒரு ஜோடி" என்று புடவைக் கரை பார்ப்பது போல நிறம் பார்த்து வாங்கி வருகிறோம். மறுவாரம் சிவப்பு ஜோடியைக் காணோம். அதற்கடுத்த வாரம் மஞ்சளின் வால் கந்தலாகிவிடுகிறது. மாதம் முடிவதற்குள் குழந்தைகளின் கண்ணீரோடு தொட்டி பரணுக்குப் போய்ச் சேருகிறது. கடைக்காரரையோ தலைவிதியையோ நொந்து பயனில்லை. வாங்கும்போதே சிறிது விசாரித்திருந்தால் அவற்றில் பெரும்பாலானவை பிழைத்திருக்கும்.

முதலில் தண்ணீர்

மீனுக்கு வீடு கண்ணாடிப் பெட்டியன்று. அதில் உள்ள தண்ணீர்தான். கப்பி, மோலி முதலியவை உப்புக்கள் மிகுந்த கடின நீரில் செழித்து வாழ்பவை. 1936-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் பெயரிட்ட நியான் டெட்ராவோ, தென் அமெரிக்காவில் அமேஸான் நதியின் மேற்பகுதியில், சருகுகள் ஊறிய மென்மையான நீரில் வாழும் ஜாதி. சென்னையின் ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் கிடைப்பது, வாளியின் விளிம்பில் வெள்ளைப் படிவை விட்டுச் செல்லும் கடின நீர். அது கப்பிக்கு ராஜபோகம், நியானுக்கு வனவாசம்.

நீரைப் போலவே உஷ்ணமும் முக்கியம். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது ஏறக்குறைய 7½ மில்லிகிராமாகக் குறைந்துவிடும். சித்திரை வெயிலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். குளிர்ந்த நீரை விரும்புவதும், நிறையத் தின்று நிறைய அசுத்தம் செய்வதும், அரை அடிக்கு மேலும் வளரக் கூடியதுமான தங்க மீனை வெப்ப நாட்டு மீன்களோடு சேர்க்கலாகாது என்று அநுபவஸ்தர்கள் சொல்வது இதனால்தான்.

புதுத் தொட்டியில் நீர் நிரப்பிய அன்றே மீனை விடுவதும் தவறு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் விஷம் உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் மணலிலும் குடியேறுவதற்கு நாலு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். மீன் இல்லாத தொட்டியில் வடிகட்டியை ஓடவிட்டு, தினந்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வந்தால், அது அழுகி இந்த நுண்ணுயிர்களுக்கு ஆகாரமாகும். குழாய் நீரில் உள்ள குளோரினையும் நீக்கிவிட்டே பயன்படுத்த வேண்டும். அதற்கான மருந்து மீன் கடைகளிலேயே கிடைக்கும்.

வாயின் அளவு

மீன் உலகத்தில் ஒரு சட்டம் உண்டு: வாய்க்குள் அடங்குவதெல்லாம் ஆகாரம். தேவதை என்று பெயர் பெற்ற ஏஞ்சல் மீனும் இந்தச் சட்டத்துக்கு விலக்கல்ல. சின்னஞ்சிறு நியான்களோடு விடப்பட்ட ஏஞ்சல், குட்டியாக இருக்கும்வரை சாதுவாகவே நடந்துகொள்ளும். வளர்ந்த பிறகு, ஓர் இரவு விளக்கணைந்ததும், நியான்களின் தொகை குறையத் தொடங்கும். கடையில் இரண்டு அங்குலமாகக் காணும் ஆஸ்கார் ஓர் அடி வரையில் வளரக் கூடியது. ஆகையால் மீன் இன்று எவ்வளவு பெரிது என்று பாராமல், முழு வளர்ச்சியில் எவ்வளவு இருக்கும் என்றே விசாரிக்க வேண்டும்.

குணமும் கூட்டமும்

டைகர் பார்ப் பார்வைக்கு அழகு, சுபாவத்தில் குறும்பு. மெதுவாக நீந்தும் ஏஞ்சல், குராமி போன்றவற்றின் நீண்ட துடுப்புக்களைக் கடித்து இழுப்பதில் அதற்கு அலாதி இன்பம். பைட்டர் மீனில் இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் யுத்தம் நிச்சயம். நீண்ட வால் கொண்ட ஆண் கப்பியைக்கூட அது பங்காளி என்று எண்ணித் தாக்குவதுண்டு.

நம் ஊர்க் கடைகளில் மீன்களை ஜோடிக் கணக்கில் விற்பது வழக்கம். கலியாணத்துக்கு ஜோடி போதும். கூட்டமாக வாழும் மீனுக்குப் போதாது. டானியோ, பார்ப், டெட்ரா முதலிய ஜாதிகள் ஆற்றில் பெருங்கூட்டமாகத் திரிபவை. ஒன்றிரண்டாகப் பிரித்து விட்டால் அவை பயந்து மூலையில் ஒதுங்கும். அல்லது எரிச்சலடைந்து அண்டை அயலாரைத் துன்புறுத்தும். ஆறுக்குக் குறையாமல், இடமிருந்தால் எட்டும் பத்துமாக விட்டால், சொந்த இனத்தோடு விளையாடுவதற்கே அவற்றுக்குப் பொழுது சரியாக இருக்கும். டைகர் பார்பின் குறும்பும் அப்போது பெரிதும் தணியும். ஆகவே ஐந்து ஜாதியில் இரண்டிரண்டு வாங்குவதைவிட இரண்டு ஜாதியில் எட்டெட்டு வாங்குவதே விவேகம்.

இன்னொன்று. தொட்டியை மூன்று மாடி வீடாக எண்ண வேண்டும். சில மீன்கள் மேல்தட்டில் உலாவும். சில நடுவில் திரியும். சில அடியில் மணலைத் துழாவும். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு குடும்பம் என்று அமைத்தால் இடச் சண்டை பாதி ஓய்ந்துவிடும்.

ஒரு சுதேசிக் குடும்பம்

இந்த நிபந்தனைகளுக்கெல்லாம் பொருந்தும் மீன்களைத் தேடி அமேஸான் வரையில் போகவேண்டும் என்பதில்லை. நம் நாட்டு நதிகளிலும், அண்டையில் உள்ள இலங்கையின் ஓடைகளிலும் பிறந்த ஜாதிகளே ஒரு தொட்டியை நிறைக்கப் போதும்.

மேல்தட்டுக்கு ஸீப்ரா டானியோ. நீலக் கோடுகள் ஓடும் இந்த இரண்டு அங்குல மீனை, கங்கையின் மீன்களைப் பற்றி 1822-இல் எழுதிய நூலில் பிரான்சிஸ் ஹாமில்டன் முதன் முதலாக வர்ணித்தார். இன்று உலகெங்கும் ஆராய்ச்சிச்சாலைகளில் வளர்க்கப்படும் மீனும் இதுவே. அதே நூலில் இடம் பெற்ற ஹனி குராமி தேன் நிறமும் சாந்த குணமும் உடையது. நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை நேரே சுவாசிக்கும் சக்தியும் அதற்கு உண்டு. நடுத்தட்டுக்கு, 1929-இல் இலங்கையில் தெரணியகலை என்னும் அறிஞர் பெயரிட்ட செர்ரி பார்ப். ஆண் மீனின் சிவப்புக்கு ஈடு சொல்வது கடினம். அடித்தட்டுக்கு நம் அயிரை! மதுரைப் பக்கத்தார் இதைக் குழம்பில் மட்டுமே அறிவார்கள். மெல்லிய மணல் பரப்பிய தொட்டியில், மீசையால் மணலைத் துழாவிக்கொண்டும் திடீரென்று அதற்குள் புதைந்துகொண்டும் அது செய்யும் வேடிக்கைகளை ஒரு முறை பார்த்தால், குழம்பு வைக்க மனம் வராது.

மூன்றடி நீளம், ஓரடி அகலம், பதினாறு அங்குல உயரமுள்ள தொட்டியில் ஏறக்குறைய நூறு லிட்டர் நீர் கொள்ளும். அதில் டானியோ எட்டு, செர்ரி பார்ப் எட்டு, ஹனி குராமியில் ஆண் ஒன்று பெண் இரண்டு, அயிரை ஆறு என்ற கணக்கு நன்றாகப் பொருந்தும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாமல், நோய்க்கும் மாறுதலுக்கும் ஈடு கொடுக்கும் டானியோவை முதலிலும் மற்றவற்றை இரண்டிரண்டு வாரம் கழித்தும் விட வேண்டும். சங்கோசம் மிகுந்த குராமிக்கு நீர்ச் செடிகளின் மறைவு அவசியம். டானியோக்கள் பந்திக்கு முந்துபவை. ஆகையால் தீனியைத் தொட்டியின் இரு கோடியிலும் தூவினால் குராமி பட்டினி கிடக்காது. வாரம் ஒரு முறை நாலில் ஒரு பங்கு நீரை மாற்றினால் நலம்.

"மிஸ் கேரளா" என்று வழங்கும் மீனும் சுதேசிதான். கேரளத்திலும் கர்நாடகத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் பிறந்த அழகி. ஆனால் அது அரை அடி வளர்வது. கூட்டமாக நீந்த நாலடித் தொட்டிக்கு மேல் கேட்பது. ஆற்றிலிருந்து அளவின்றிப் பிடித்து விற்றதும் சேர்ந்து, அழியும் அபாயத்தில் உள்ள ஜாதிகளின் உலகப் பட்டியலில் அது இடம் பெற்றுவிட்டது. வளர்க்க இடமுள்ளவர்கள் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யப்பட்டதையே கேட்டு வாங்க வேண்டும். உடல் கண்ணாடி போலத் தெரியும் மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றி விற்கும் கொடுமையும் உலகில் நடந்து வந்திருக்கிறது. இயற்கைக்கு மாறான நிறத்தைக் கண்டால் வாங்காமல் திரும்புவதே தர்மம்.

குடி பெயர்க்கும் முறை

எவ்வளவு கவனித்தாலும் சில சமயம் ஒரு மீன் தொட்டிக்குப் பொருந்தாமற் போகலாம். அப்போது அதை ஏரியில் விட்டுவிடுவது புண்ணியம் என்று பலர் நினைக்கிறார்கள். அது புண்ணியமன்று. கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் என்று சொல்லி விற்கப்படும் தென் அமெரிக்க சக்கர் மீன் ஓர் அடிக்கு மேல் வளர்ந்து தொட்டிக்கு அடங்காமற் போகிறது. அப்படி விடப்பட்டவை பெருகி இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் காணப்படுகின்றன. அவற்றின் முட்துடுப்புக்கள் மீனவர்களின் வலைகளைக் கிழிக்கின்றன; நம் ஊர் மீன்களின் இரையையும் இடத்தையும் அவை பிடித்துக்கொள்கின்றன. நம் தொட்டியில் செய்த பொருத்தப் பிழையை ஓர் ஏரியின் தலையிலேயே கட்டிவிடுகிறோம்.

வேண்டாத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம். பெரிய தொட்டி உள்ள நண்பருக்கு அளிக்கலாம். அதைவிட நல்லது, வாங்கும் முன்பே கடைக்காரரிடம் நாலு கேள்வி கேட்பது: எந்த நீரில் வாழும்? எவ்வளவு வளரும்? எத்தனை சேர்ந்து இருக்க வேண்டும்? எந்தத் தட்டில் நீந்தும்? சரியான பதில் கிடைக்காவிட்டால் அன்றைக்கு மீன் வாங்காமல் வீடு திரும்பலாம். குழந்தைகள் சிறிது முகம் சுளிப்பார்கள். ஆனால் பிறகு அழ நேராது.