‘பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க’

பூந்தமல்லியில் கிளம்பும் நெடுஞ்சாலை கோயம்பேடு, அமைந்தகரை தாண்டி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசல் வழியாகப் போய், சென்ட்ரலுக்குப் பக்கத்தில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையை எட்டுகிறது. பெரியார் பெயர் வைத்து எத்தனையோ வருஷமாகியும் ஜனங்களுக்கு அது பூந்தமல்லி ஹை ரோடுதான். மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு ஒரு முனையில் வீடு, மறுமுனையில் ‘பெரியாஸ்பத்திரி’. நடுவில் இருபது கிலோமீட்டருக்கு மேல். மதுரவாயல் நெரிசலும் அதற்குள் அடக்கம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எந்த ஊர் டீக்கடையிலும் இந்தப் புகாரைக் கேட்கலாம்: “நம்ம ஜி.எச்.ல ஒண்ணும் பாக்கல சார், பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க.” கைகழுவிவிட்டார்கள் என்று அர்த்தம். சில சமயம் அது உண்மையும்கூட. ஆனால், கேஷுவாலிட்டியில் நிற்கும் டாக்டருக்கு ஆகக் கஷ்டமான வேலை அந்தச் சீட்டை ஒழுங்காக எழுதுவதுதான் என்று எனக்குப் படுகிறது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது, அனுப்புமுன் எதை முடிப்பது, எங்கே அனுப்புவது? சில நிமிடங்களில் இத்தனையும் முடிவாக வேண்டும். நம் மருத்துவப் படிப்பு மிகக் குறைவாகச் சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான்.

அந்த டாக்டர் யார்? பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். முடித்து, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக உதவி மருத்துவராக வந்த இளைஞர். பி.ஜி. நுழைவுத் தேர்வுப் புத்தகம் பைக்குள் இருக்கும். ராத்திரி டியூட்டியில் காய்ச்சல் குழந்தை, நாய்க்கடி, குடித்துவிட்டு விழுந்தவர், மூச்சுத்திணறும் தாத்தா என எல்லாரும் ஒரே கதவு வழியாகத்தான் வருவார்கள். அதே கதவு வழியாகத்தான் திருவள்ளூர் போகும் சி.டி.எச். ரோட்டில் லாரி தட்டிய பைக்காரரும் ஸ்ட்ரெச்சரில் வருவார்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் உருவானது. பவர் பிரஸ் ஓடும் பட்டறைகளுக்கு அங்கே இன்றும் குறைவில்லை. அங்கிருந்து விரல் துண்டாகி வரும் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். கூட வந்தவர் நல்லெண்ணத்தோடு அந்தத் துண்டை நேராக ஐஸ் கட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்திருப்பார். அப்படிச் செய்தால் திசு உறைந்து செத்துவிடும். சலைனில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் மேல் வைக்க வேண்டும். கையில் அழுத்திக் கட்டு, டி.டி. ஊசி, வலிக்கு மருந்து, ஆன்டிபயாடிக் என்று இவ்வளவும் தாலுகா ஆஸ்பத்திரியிலேயே முடியும்.

அடுத்த கேள்வி, எங்கே அனுப்புவது? தூரம் பார்த்தால் கீழ்ப்பாக்கம் கிட்டே. ஆனால் கை அறுவை சிகிச்சை என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை நினைவுக்கு வர வேண்டும். 1971-ல் டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே தொடங்கிய பிரிவு, நாட்டிலேயே பெயர்பெற்ற கை அறுவை சிகிச்சை நிலையமாக வளர்ந்தது. துண்டித்த விரலைத் தைத்து ஒட்டவைக்கும் குழு இந்த நேரத்தில் எங்கே தயாராக இருக்கிறது என்று ஃபோனில் கேட்காமல் வண்டி ஏற்றினால், நோயாளி இரண்டு ஆஸ்பத்திரி வாசல் மிதிப்பார். விரலுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. தீக்காயம் என்றால் கீழ்ப்பாக்கம், குழந்தை என்றால் எழும்பூர் என்ற வரைபடமும் இப்படித்தான் தலைக்குள் பதிந்திருக்க வேண்டும். அடிபட்டவர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவராக இருந்தால், ‘தர்த் கஹாங் ஹை?’ என்று கேட்கும் அளவுக்கு இந்தியும் வேண்டும். இதற்கெல்லாம் பாடப்புத்தகம் ஏது?

எதை அனுப்பக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். திருநின்றவூர், வேப்பம்பட்டுப் பக்கம் ஏரியும் வயலும் இன்னும் மிச்சமிருப்பதால் பாம்புக்கடியும் மிச்சமிருக்கிறது. இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் போதும். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். விஷமுறிவு மருந்தை அங்கேயே, அப்போதே ஏற்ற வேண்டும். பெரியாஸ்பத்திரி போய்ச் சேரும் நேரத்தை விஷத்துக்குக் கொடுக்கக் கூடாது. அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு, மகாபலிபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் நாடு முழுக்கப் போகிறது. பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு 2024-ல் அறிவித்தது.

மாரடைப்பிலும் இதே கணக்குதான். ஈ.சி.ஜி. எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வந்த அரை மணி நேரத்துக்குள் போட்டுவிட்டு, பிறகு ஆஞ்சியோ வசதியுள்ள இடத்துக்கு அனுப்புவது முறை. பெரிய மருத்துவமனையையும் சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளையும் இப்படிக் கோத்துப் பார்த்த தமிழ்நாட்டு ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது. புது மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை, அனுப்பும் முறையைத்தான் சீராக்கினார்கள். 2023-ல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டம் இதை ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் கொண்டுபோனது: ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8, ஆக மொத்தம் 14 மாத்திரையைக் கொடுத்துவிட்டுத்தான் 108 ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும்.

அரசு ஒன்றும் செய்யாமல் இல்லை. 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. சுமார் பத்தாண்டு கழித்து, விபத்து மற்றும் அவசர சிகிச்சைக்கென்று டி.ஏ.இ.ஐ. என்ற திட்டம் வந்தது. கேஷுவாலிட்டிக்குள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று இடம் பிரித்ததும், ஆம்புலன்ஸ் வந்து சேருமுன்பே ஆஸ்பத்திரிக்குத் தகவல் போகும் ஏற்பாடும் அதில்தான். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். போலீஸ் வந்தால்தான் தொடுவார்கள், ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி போட்டால்தான் பார்ப்பார்கள் என்ற பயம் மட்டும் ஜனங்களிடம் இன்னும் போகவில்லை. உயிரைக் காப்பது முதலில், சட்ட நடைமுறை பிறகு என்று உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே சொல்லிவிட்டது.

பயிற்சிக்கு வருவோம். அவசர மருத்துவத்தைத் தனித்துறையாக இந்திய மருத்துவக் கவுன்சில் ஏற்றதே 2009-ல்தான். முதுகலைப் படிப்பை ஆரம்பத்திலேயே தொடங்கிய கல்லூரிகளில் போரூர் ராமச்சந்திராவும் ஒன்று. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது, அப்படி ஒரு பெரிய மருத்துவமனை சற்றுத் தள்ளியே இருந்தது அந்த வட்டாரத்தின் அதிர்ஷ்டம். 2020-ல் தேசிய மருத்துவ ஆணையம் எல்லா மருத்துவக் கல்லூரியிலும் அவசர மருத்துவத் துறை கட்டாயம் என்றது. மூன்றே வருடத்தில், 2023 விதிகளில், கட்டாயத் துறைகளின் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டது. இந்த முன்னும் பின்னுமான நடையை எப்படிப் புரிந்துகொள்வது?

அவசர மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர்களில் பலர் கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விடுகிறார்கள். குறை சொல்ல முடியாது, அங்கேதான் அந்தப் பதவி இருக்கிறது. தாலுகா கேஷுவாலிட்டியில் நிற்கப்போகிறவரோ ஹவுஸ் சர்ஜனாக இரண்டு வாரம் மட்டும் அவசரப் பிரிவைப் பார்த்துவிட்டு வருகிறார். அந்த இரண்டு வாரமும் கல்லூரி மருத்துவமனையில் கழிகிறது. அங்கே மாடி ஏறினால் நியூரோ சர்ஜன், பக்கத்து அறையில் சி.டி. ஸ்கேன். நோயாளி வந்து சேரும் இடத்தில் கற்றுக்கொண்டு, நோயாளி கிளம்பும் இடத்தில் வேலை பார்க்கிறார்கள். நீச்சலைத் தொட்டியில் கற்று ஆற்றில் இறங்குவது மாதிரி.

இதே குறையை ஒரு விபத்துதான் அமெரிக்காவில் வெளிச்சம் போட்டுக் காட்டியது. 1976 பிப்ரவரியில் அங்கே நெப்ராஸ்கா மாநிலத்தில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் ஓட்டிவந்த சிறு விமானம் வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். காயம்பட்ட நான்கு பிள்ளைகளோடு பக்கத்து ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனவர், அங்கே கிடைத்த சிகிச்சையைக் கண்டு அதிர்ந்தார். டாக்டர்களைத் திட்டிவிட்டு அவர் நிறுத்தவில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதைக் கண்டுகொண்டார். சக மருத்துவர்களோடு சேர்ந்து ஒரு பாடத்திட்டம் உருவாக்க, முதல் வகுப்பு 1978-ல் நடந்தது. இன்று உலகமே ஏ.டி.எல்.எஸ். என்று படிக்கும் அந்தப் பயிற்சி, சின்ன ஊர் டாக்டருக்காக எழுதப்பட்டது. முதலில் மூச்சுக்குழல், பிறகு சுவாசம், பிறகு ரத்தப்போக்கு. நம்மால் முடியாது என்பதைச் சீக்கிரம் உணர்ந்து அனுப்புவதும் அதில் ஒரு பாடம்.

தலையில் அடிபட்டு நினைவிழந்தவரை மூச்சுக்குழலில் குழாய் போடாமல், கழுத்துக்குக் காலர் கட்டாமல் ஆம்புலன்ஸில் ஏற்றினால், மதுரவாயல் தாண்டும்போதே வாந்தி நுரையீரலுக்குள் போய்விடலாம். அதே நோயாளியைக் குழாய் போட்டு, ஆக்ஸிஜன் கொடுத்து, இரண்டு கையிலும் டிரிப் ஏற்றி, கண்மணி எப்படி இருந்தது, எத்தனை மணிக்கு என்ன மருந்து என்று சீட்டில் எழுதி அனுப்பினால், எதிர்முனையில் இருப்பவருக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். இரண்டையும் சொந்தக்காரர்கள் ‘எழுதிக் கொடுத்துட்டாங்க’ என்றுதான் சொல்வார்கள். கோபமும் இரண்டு டாக்டர் மேலும் ஒரே மாதிரிதான் பாயும்.

இதை மாற்ற வழி ஏற்கெனவே விதியில் இருக்கிறது. முதுகலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் வேலை பார்க்க வேண்டும் என்ற மாவட்ட உறைவிடப் பயிற்சித் திட்டம் நடைமுறையில் உள்ளது. அவசர மருத்துவ மாணவர்களை அந்த மூன்று மாதம் ஆவடி மாதிரியான இடத்தில் நிறுத்தினால், அவர்களும் கற்பார்கள், அங்கே தனியாக நிற்கும் உதவி மருத்துவருக்கும் பக்கத்தில் கேட்க ஒரு ஆள் இருக்கும். இன்னொன்றுக்குச் செலவே இல்லை: அனுப்பிய நோயாளி என்ன ஆனார் என்று பெரியாஸ்பத்திரியிலிருந்து திரும்ப ஒரு ஃபோன். இப்போது பெரும்பாலும் அந்தப் பதில் வருவதில்லை. தான் போட்ட ஊசி வேலை செய்ததா, தான் நினைத்த நோய் சரிதானா என்று தெரியாமலே வருஷக்கணக்கில் டியூட்டி பார்க்கிறவர் எதிலிருந்து கற்பார்?

திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது, வருடத்துக்கு நூறு இடங்களோடு. படிப்பு நாலரை வருடம், பிறகு ஹவுஸ் சர்ஜன் பணி. இந்த மாணவர்களின் அவசரப் பிரிவு இரண்டு வாரத்தில் ஒரு வாரத்தையாவது ஆவடியிலோ பூந்தமல்லியிலோ போடலாம். சீட்டை எழுதுவது அவர்களாகவும், சரிபார்ப்பது சீனியராகவும் இருக்கட்டும்.